வாசகர் கேள்விகள்: வோங்காவுக்கு ஓர் இளமை

பால் கிங் இயக்கத்தில், டிமோத்தி ஷாலமே நடித்து, 2023 டிசம்பரில் திரைக்கு வந்த, சாக்லேட் மன்னர் வில்லி வோங்காவின் இளமைக் காலத்தைச் சொல்லும் ‘வோங்கா’ இசைப்படத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: படத்தைப் பார்த்த கையோடு என் மகள், ‘சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்’ புத்தகத்தையும் வாங்கிப் படித்து முடித்துவிட்டாள். நூடுல் என்ற சிறுமியையும் அந்தச் சலவைக்கூடத்தையும் அதில் காணவில்லையே என்று கேட்கிறாள். அவை எந்தப் புத்தகத்தில் வருகின்றன?

பதில்: எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. இயக்குநர் பால் கிங்கும் அவருடன் திரைக்கதை எழுதிய சைமன் ஃபார்னபியும் புதிதாக எழுதிய கதை இது. 1964இல் வெளியான ரோல்ட் டாலின் நாவலில் வில்லி வோங்கா நம் கண்முன் வரும்போதே உலகப் புகழ் பெற்றுவிட்ட, கூரிய சிறு தாடி வைத்த, வயது சொல்ல முடியாத மனிதராகத்தான் வருகிறார். அவர் எங்கே பிறந்தார், தாய் தந்தையர் யார், சாக்லேட் செய்ய யாரிடம் கற்றார் என்றெல்லாம் டால் சொல்லவே இல்லை. பழைய சங்கதி என்று நமக்குக் கிடைப்பதெல்லாம், நாவலின் நாயகனான சிறுவன் சார்லியின் தாத்தா ஜோ படுக்கையில் கிடந்தபடி பேரனுக்குச் சொல்லும் சில துண்டுக் கதைகள்தான்.

அவற்றில் ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தியாவிலிருந்து பாண்டிச்சேரி இளவரசர் என்பவர் கடிதம் எழுதி வோங்காவை வரவழைத்து, நூறு அறைகள் கொண்ட சாக்லேட் அரண்மனை ஒன்றைக் கட்டித் தரச் சொல்கிறார். உடனே தின்னத் தொடங்கிவிடுங்கள், இது அதிக நாள் தாங்காது என்று வோங்கா எச்சரிக்கிறார். குடியிருக்கும் வீட்டை யாராவது தின்பார்களா என்று இளவரசர் மறுத்துவிடுகிறார். சில நாட்களில் வெயில் ஏறுகிறது, அரண்மனை உருகுகிறது, கூடத்தில் கண்ணயர்ந்திருந்த இளவரசர் சாக்லேட் குளத்தில் நீந்தியபடி விழித்துக்கொள்கிறார். டிம் பர்ட்டன் 2005இல் இயக்கிய படத்தில் இந்தக் காட்சி இருந்தது. புதிய படத்தில் இல்லை.

ஸ்லக்வொர்த், ஃபிக்கல்குரூபர், பிராட்நோஸ் என்ற மூன்று வில்லன்களின் பெயர்கள் மட்டும் புத்தகத்திலிருந்து வந்தவை. அங்கே அவர்கள் ஒற்றர்களை அனுப்பி வோங்காவின் செய்முறைகளைத் திருடும் போட்டியாளர்கள். சில வரிகளில் வந்து போய்விடுகிறார்கள். இந்த ரகசியச் செய்முறைகள் டாலின் வெறும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. ரெப்டன் பள்ளியில் அவர் படித்த காலத்தில், கேட்பரி நிறுவனம் சந்தைக்கு வராத புது சாக்லேட்டுகளைப் பெட்டியில் வைத்து மாணவர்களுக்கு அனுப்பி, சுவைத்துப் பார்த்து மதிப்பெண் போடச் சொல்லும். அந்த நிறுவனத்தின் ரகசியக் கூடமொன்றில் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் புதுச் சுவைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று பள்ளிச் சிறுவனாக அவர் கண்ட பகற்கனவுதான் பின்னாளில் தொழிற்சாலையாக வளர்ந்தது. புதிய படம் அந்த மூன்று பெயர்களையும் எடுத்து, நகரத்தின் சாக்லேட் வணிகத்தை மொத்தமாகக் கைக்குள் வைத்திருக்கும் கூட்டாக மாற்றியிருக்கிறது. தேவாலயத்துக்கு அடியில் சாக்லேட்டைப் பதுக்கி வைத்து, அதற்குக் காவலாகச் சாக்லேட்டுக்கு அடிமையான துறவிகளையும் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த அளவு குறும்பை டாலே மெச்சியிருப்பார் என்பது என் எண்ணம்.

கேள்வி: புத்தகத்தில் வரும் வோங்காவைக் கண்டால் எனக்குச் சிறுவயதில் உள்ளூரப் பயம். படத்தில் வருபவரோ யாரைக் கண்டாலும் உருகிவிடுகிறார். இருவரும் ஒரே ஆள்தானா?

பதில்: தொப்பியும் பிளம் பழ நிற மேலங்கியும் ஒன்று, ஆள் வேறு. புத்தகத்தில், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த குழந்தைகளில் அகஸ்டஸ் என்ற பெருந்தீனிச் சிறுவன் சாக்லேட் ஆற்றில் விழுந்து கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சப்படும்போது, பெற்றவர்கள் அலறுகிறார்கள். வோங்கா விளையாட்டாகப் பேசிக்கொண்டு அடுத்த அறைக்கு வழி காட்டுகிறார். அவர் குழந்தைகளைக் கொஞ்சுவதில்லை, பரீட்சை வைக்கிறார். பரீட்சை நடப்பதே தெரியாத குழந்தைகள் தோற்கிறார்கள். குழந்தைகளுக்கு அந்தப் புத்தகம் அவ்வளவு பிடித்துப்போனதற்கு, தங்களிடம் இனிக்க இனிக்கப் பேசாத ஒரு பெரியவரை அதில் கண்டதும் ஒரு காரணம்.

மெல் ஸ்டூவர்ட் இயக்கிய 1971ஆம் ஆண்டுப் படத்தில் ஜீன் வைல்டர் இந்த இயல்பை ஒரே அசைவில் பிடித்துவிட்டார். தொழிற்சாலைக் கதவு திறக்கிறது; வோங்கா கைத்தடியை ஊன்றி நொண்டிக்கொண்டு வருகிறார்; கூட்டம் அடங்கிப்போகிறது. கைத்தடி கல் பாவிய தரையில் செருகி நின்றுவிட, அது கையில் இல்லாமலே இரண்டு அடி நடந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்து, தரையைத் தொட்ட நொடியில் குட்டிக்கரணம் போட்டு எழுந்து நிற்கிறார். இந்தக் காட்சி இருந்தால்தான் நடிப்பேன் என்று வைல்டரே நிபந்தனை போட்டுச் சேர்த்தது அது. இந்த மனிதர் சொல்வதில் எது நிஜம், எது நடிப்பு என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

புதிய படத்தின் முதல் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு ஆண்டுகள் கடலில் சுற்றிய இளைஞன், கப்பலின் பாய்மரத்தின் மேலிருந்தே பாடத் தொடங்குகிறான். கையிலுள்ள பன்னிரண்டு வெள்ளிக் காசுகளுடன் நகரத்துக்குள் நுழைகிறான். கண்டவரெல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்க, இரக்கப்பட்டுக் கொடுத்ததும் சேர, பாட்டு முடிவதற்குள் கடைசிக் காசும் போய்விடுகிறது. அவன் மனத்தில் என்ன இருக்கிறது என்பது முதல் ஐந்து நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதை மறைக்க அவனுக்குத் தெரியவும் தெரியாது. பால் கிங் இதற்கு முன் 2014இலும் 2017இலும் பாடிங்டன் கரடியை வைத்து எடுத்த இரண்டு படங்களையும் பார்த்தவர்கள் இந்த வார்ப்பை உடனே கண்டுகொள்வார்கள். தொப்பி அணிந்த ஒரு வெகுளி பெருநகரத்துக்கு வருவதும், எல்லோரையும் நல்லவர் என்று நம்புவதும், அந்த நம்பிக்கையே கடைசியில் ஊரைத் திருத்துவதும் அங்கே ஏற்கெனவே நடந்தவை. வெளிப்படையாகச் சொன்னால், கிங் வோங்காவின் கடந்த காலத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தன்னுடைய கரடிக்கு இன்னொரு வேடம் போட்டிருக்கிறார்.

இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. இசைப்படத்தின் நாயகன் தன் ஆசையை வாய்விட்டுப் பாட வேண்டியவன். மனத்தைப் பூட்டி வைத்திருக்கும் ஆளால் அது முடியாது. 1971ஆம் ஆண்டுப் படத்தை மறுபடி பார்த்தால் தெரியும், வைல்டரின் வோங்கா பாடுவது மிகக் குறைவு. மற்றவர்கள்தான் அவரைச் சுற்றிப் பாடுகிறார்கள். முழுநீள இசைப்படத்தில் வோங்காவையே பாட்டுக்காரனாக்குவது என்று முடிவானபோதே, புத்தகத்தின் மர்ம மனிதர் விடைபெற்றுவிட்டார்.

கேள்வி: விளம்பரத் துணுக்குகளில் பாட்டே இல்லை. திரையரங்குக்குப் போய் உட்கார்ந்தால் பாட்டுக்கு மேல் பாட்டு. ஏன் இப்படி மறைத்தார்கள்? அந்தப் பாட்டுகள் கதைக்குத் தேவைதானா?

பதில்: இசைப்படம் என்று தெரிந்தால் ஒரு பகுதி ரசிகர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்ற பயம் ஹாலிவுட் விற்பனைத் துறையில் அண்மைக் காலமாகவே இருந்துவருகிறது. இந்தப் படத்தின் துணுக்குகளில் பாட்டுகள் பதுங்கியிருந்ததைப் பலரும் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். மறைத்து அழைத்து வந்தாலும் வந்தவர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. உலக அளவில் 63 கோடி டாலருக்கு மேல் வசூலானது.

தேவையா என்றால், பெரும்பாலானவை தேவைதான். புதிய பாடல்களை எழுதியவர் ‘தி டிவைன் காமெடி’ இசைக்குழுவின் நீல் ஹானன்; பின்னணி இசை, அதே குழுவில் முன்பு இருந்த ஜோபி டால்போட்டுடையது. ஹானனுக்குக் கிண்டல் நன்றாக வரும். சாக்லேட் கூட்டினர் காவல்துறைத் தலைவருக்கு லஞ்சம் கொடுக்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் நேர்மையாக மறுக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்லேட் பெட்டிகளின் எண்ணிக்கை கூடுகிறது, மெட்டும் அதோடு குதூகலமாகிறது. பாட்டு முடியும்போது பேரம் முடிந்துவிடுகிறது. உரையாடலாக எழுதியிருந்தால் நீண்டு அலுப்புத் தட்டியிருக்கக்கூடிய ஒரு வீழ்ச்சியை, கேட்பவரின் காலும் தாளம் போடும்படி சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கடனுக்காகச் சலவைக்கூடத்தில் அடைபட்டுத் துணி துவைப்பவர்கள் ஒரே தாளத்தில் தேய்த்துத் தேய்த்துப் பாடும் பாட்டும் அப்படித்தான்: யார் யார் எப்படி அங்கே வந்து மாட்டிக்கொண்டார்கள் என்பது தாளத்தோடு தாளமாக நமக்குத் தெரிந்துவிடுகிறது. வோங்கா கடை திறக்கும்போது வரும் பாட்டு மட்டும், கண்ணுக்கு விருந்தாக இருந்தாலும், கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை.

1971ஆம் ஆண்டுப் படத்துக்காக லெஸ்லி பிரிக்கஸும் ஆண்டனி நியூலியும் எழுதிய இரண்டு பாட்டுகளும் இதில் உண்டு. அங்கே சாக்லேட் அறையின் கதவு திறக்கும்போது வோங்கா பாடிய ‘ப்யூர் இமேஜினேஷன்’ இங்கே கடைசியில், பாழடைந்த கோட்டை தொழிற்சாலையாக உருவெடுக்கும்போது வருகிறது. பழைய படத்தை அறிந்தவர்களை அசைத்துப் பார்க்கும் இடம் அதுதான். ஆனால் படத்தின் மிக உருக்கமான தருணத்துக்கு ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மெட்டைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது ஹானனுக்கு அவ்வளவு பெருமை சேர்ப்பதாக இல்லை.

கேள்வி: ஷாலமே சொந்தக் குரலில்தான் பாடினாரா? எப்படிப் பாடுகிறார்?

பதில்: சொந்தக் குரல்தான். மேடைப் பாடகருக்குரிய கனம் அதில் இல்லை. மெலிந்த, கொஞ்சம் காற்றோட்டமான குரல். பாதி பேச்சும் பாதி பாட்டுமாக வரும் இடங்களில் நன்றாக இருக்கிறார், உச்சத்துக்குப் போக வேண்டிய இடங்களில் வாத்தியங்கள் வந்து தாங்கிக்கொள்கின்றன.

கேள்வி: நடிகர் ஹியூ கிராண்டை முழங்கால் உயரத்துக்குச் சுருக்கி, வோங்கா கதையில் வரும் குட்டி மனிதர்களான உம்பா லும்பாக்களில் ஒருவராக நடிக்க வைத்தது சரியா? உயரம் குறைந்த நடிகர்கள் இல்லையா?

பதில்: இதே கேள்வியைப் படம் வருவதற்கு முன்பே உயரம் குறைந்த நடிகர்கள் சிலர் வெளிப்படையாகக் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய வேடங்களே சொற்பமாக இருக்க, அதையும் கணினி வித்தையால் ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுத்தால் எப்படி என்ற அவர்களின் ஆதங்கம் நியாயமானது. கிராண்டும், முக அசைவுகளைப் படம்பிடிக்கும் கேமராக் கவசத்தை மாட்டிக்கொண்டு நடித்ததைத் தான் ரசிக்கவில்லை என்று பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ஆனால் உம்பா லும்பாக்களின் கதையில் இதைவிடப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. 1964ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த கருநிறப் பிக்மி இனத்தவர். வோங்கா அவர்களைக் காற்றுத் துளையிட்ட மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்து, கூலிக்குப் பதில் கோகோ விதைகளைக் கொடுத்து வேலை வாங்குகிறார். அமெரிக்காவில் எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1973ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் டால் அவர்களை லும்பாலாந்து என்ற கற்பனை நாட்டவராக்கி, ரோஜா நிறத் தோலும் பொன்பழுப்பு முடியும் கொடுத்தார். நிறம் மாறியது, மரப்பெட்டிகள் அப்படியே இருந்தன. இதற்கிடையில் 1971ஆம் ஆண்டுப் படம் ஆரஞ்சுத் தோல், பச்சை முடி என்று தனி வழியில் போயிருந்தது. 2005ஆம் ஆண்டுப் படத்தில் டீப் ராய் என்ற ஒரே நடிகர் அத்தனை உம்பா லும்பாக்களாகவும் தோன்றினார்.

புதிய படம் இந்த முடிச்சை எதிர்ப்புறத்திலிருந்து அவிழ்க்கப் பார்க்கிறது, எழுத்தளவில் படத்திலேயே புத்திசாலித்தனமான மாற்றம் இதுதான் என்பேன். லும்பாலாந்தில் கோகோ அரிதான பொருள். காவலுக்கு இருந்த லாஃப்டி (கிராண்ட் நடித்த உம்பா லும்பா) கண்ணயர்ந்த நேரத்தில், அந்த வழியே வந்த வோங்கா சில விதைகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அதற்காக ஊரைவிட்டு விலக்கப்பட்ட லாஃப்டி, ஆயிரம் மடங்காகத் திருப்பி வாங்காமல் விடமாட்டேன் என்று இரவோடு இரவாக வந்து சாக்லேட்டுகளைத் தூக்கிப் போகிறார். அதாவது புத்தகத்தில் கூலியாளாக வந்தவர் படத்தில் கடன் கொடுத்தவராக வருகிறார். பயணி எடுத்துப் போனது திருட்டு என்பதையும் படம் அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறது. கிராண்ட் அதை நிலப்பிரபுவின் மிடுக்கோடு சொல்லும்போது சிரிப்பு வராமல் இல்லை. இவ்வளவு செய்துவிட்டுக் கடைசியில் அவருக்கும் தொழிற்சாலையில் ஒரு பதவியைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டார்கள், சுவை பார்க்கும் பிரிவின் தலைவர் பதவி என்றாலும்.

கேள்வி: தன் கதையைப் படமாக்குவது டாலுக்குப் பிடிக்குமா?

பதில்: 1971ஆம் ஆண்டுப் படம் பிடிக்கவில்லை. திரைக்கதை என்று அவர் பெயர் போட்டிருந்தாலும் அதை டேவிட் செல்ட்ஸர் பெருமளவில் திருத்தி எழுதியிருந்தார். வோங்காவாக ஸ்பைக் மில்லிகன் நடிக்க வேண்டும் என்பது டாலின் விருப்பம், அதுவும் நடக்கவில்லை. பணம் போட்டது குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், தான் சந்தைக்குக் கொண்டுவரவிருந்த சாக்லேட்டுக்கு விளம்பரமாக. சார்லியின் பெயர் தலைப்பிலிருந்து போய் வோங்காவின் பெயர் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். மனம் கசந்த டால், இரண்டாம் பாகமான கண்ணாடி மின்தூக்கிக் கதையைப் படமாக்க உரிமை கொடுக்க மறுத்துவிட்டார். 1990இல் அவர் மறைந்ததால், பர்ட்டனின் படத்தில் வோங்காவுக்குப் பல் மருத்துவர் ஒருவர் தந்தையாக வந்ததையும், இப்போது சாக்லேட் செய்து தரும் ஏழைத் தாய் வந்திருப்பதையும் அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டையும் திட்டித் தீர்த்திருப்பார். அவர் சுபாவம் அப்படி.

கேள்வி: ஸ்காட்லாந்தில் வோங்கா நிகழ்ச்சி என்று ஒன்றை நம்பிப் போன குழந்தைகள் அழுதுகொண்டு திரும்பினார்கள் என்று படித்தேன். அது இந்தப் படக்குழுவினர் நடத்தியதா?

பதில்: இல்லை. 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோ நகரில் நடந்த அந்த நிகழ்ச்சிக்கும் படத்துக்கும் தொடர்பு கிடையாது. செயற்கை நுண்ணறிவு வரைந்த கண்கவர் படங்களை விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நேரில் இருந்தது அங்கொன்றும் இங்கொன்றுமாக அலங்காரம் செய்த வெறும் கிடங்கு. பெற்றோர் கொதித்தெழ, காவல்துறை வர, அன்றே மூடிவிட்டார்கள். படத்தைப் பொறுத்தவரை லண்டனுக்கு அருகே லீவ்ஸ்டன் படப்பிடிப்புக் கூடத்தில் நகரத்தையே கட்டி எழுப்பியதோடு, ஷாலமே கையில் பிடித்துக் காட்டும் சாக்லேட்டுகளையும் காப்ரியெல்லா குன்யோ என்ற சாக்லேட் கலைஞரைக் கொண்டு தின்னக்கூடியவையாகவே செய்திருந்தார்கள்.

கேள்வி: வோங்காவை எழுதப் படிக்கத் தெரியாதவராகக் காட்டியது எனக்கு உறுத்தலாக இருந்தது. உலகம் வியக்கும் கண்டுபிடிப்பாளருக்கு அப்படி ஒரு குறை தேவையா?

பதில்: எனக்கு அது உறுத்தவில்லை, சொல்லப்போனால் முழுப் படத்திலும் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் அது. ஒலிவியா கோல்மன் நடித்த விடுதிக்காரி நீட்டும் ஒப்பந்தத்தில், சின்ன எழுத்தைப் படி என்று நூடுல் மெல்ல எச்சரிக்கிறாள். அவனுக்குப் பெரிய எழுத்தே தெரியாது. கையெழுத்துப் போடுகிறான், மாடிப்படி ஏறியதற்கும் நெருப்பருகே உட்கார்ந்ததற்கும் கட்டணம் ஏறி, விடிவதற்குள் 10,000 வெள்ளிக் காசுக் கடன்காரனாகிறான். நாளுக்கு ஒரு காசு என்று துவைத்துக் கழித்தால் 27 ஆண்டுக்கு மேல் ஆகும். படத்தின் மற்ற எல்லாக் கெடுதலும் வேடிக்கையாக இருக்க, இது மட்டும் உலகில் உண்மையாகவே நடக்கும் கொத்தடிமைத்தனம் போலவே இருக்கிறது. நூடுல் அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள், அந்த நட்பின் அடிப்படையே அதுதான்.

இப்போது 1971ஆம் ஆண்டுப் படத்தை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் குழந்தைகளுக்காகச் சுவரில் ஆளுயர ஒப்பந்தம் ஒன்று காத்திருக்கிறது. கீழே போகப் போக எழுத்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறுத்துவிடுகிறது. படத்தின் முடிவில் வோங்கா அந்த ஒப்பந்தத்தின் விதியொன்றைக் காட்டித்தான், பரிசு கிடையாது போ என்று சார்லியிடமும் தாத்தா ஜோவிடமும் சீறுகிறார். அது கடைசிப் பரீட்சை என்பது பிறகுதான் தெரியவருகிறது. நாவலில் ஒப்பந்தமே இல்லை. ஒரு படத்தின் சேர்க்கையை இன்னொரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. சின்ன எழுத்தில் வாழ்க்கையைப் பறிகொடுக்க இருந்த இளைஞன், பிற்காலத்தில் அதே சின்ன எழுத்தைச் சுவரில் எழுதிவைத்து மற்றவர்களைக் கையெழுத்துப் போட வைக்கிறான் என்றால், நடுவில் அவனுக்கு ஏதோ நேர்ந்திருக்க வேண்டும். யாரோ நம்பவைத்து ஏமாற்றியிருக்க வேண்டும், அல்லது பணமும் தனிமையும் சேர்ந்து அவனை மாற்றியிருக்க வேண்டும். ஓர் இளமைக் கதையைச் சொல்லப் புகுந்தவர்கள் தொட வேண்டிய புள்ளி அதுதான் என்பது என் கட்சி. கிங்கின் படமோ, வோங்கா கெட்டுப்போகத் தொடங்கும் முன்பே பாட்டுப் பாடி முடிந்துவிடுகிறது.

கேள்வி: ஆறு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு பார்க்கலாமா? முதலில் புத்தகமா, படமா?

பதில்: பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் பார்க்கலாம். மொத்தம் 116 நிமிடங்கள். தாயின் மறைவு, காவல்துறைத் தலைவர் வோங்காவின் தலையைத் தண்ணீரில் அமுக்கும் காட்சி, நூடுலும் அவனும் அடைபட்ட இடத்தில் சாக்லேட் மட்டம் கழுத்துக்கு ஏறும் காட்சி ஆகிய மூன்றிலும் சின்னக் குழந்தை கையைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அந்தக் காவல்துறைத் தலைவர் தின்று தின்று பருப்பதைத் திரும்பத் திரும்ப நகைச்சுவையாக்கியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளியில் உடம்பைச் சொல்லிக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை என்றால் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

புத்தகத்தை முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஸ்லக்வொர்த் என்ற பெயர் திரையில் வந்ததும் பேரன் உங்களுக்கு முன்னால் அடையாளம் கண்டு கத்துவான். வரிசை மாறிப்போய்ப் படத்தை முதலில் பார்த்துவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. தாடி வைத்த, படபடவென்று பேசுகிற வோங்காவைப் புத்தகத்தில் முதலில் சந்திக்கும்போது, பாடிய அந்த அண்ணன் எங்கே என்று கேட்பான். அணில்கள் ஒவ்வொரு அக்ரூட் கொட்டையாகத் தட்டிப் பார்த்துச் சொத்தையைத் தூக்கி எறியும் அறைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கேள்வியை மறந்துவிடுவான்.